ஊசியில் மருந்து ஏற்றுவதற்கு முன்: நர்சிங் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் வார்டில் டியூட்டி பார்த்தவள் நான். இப்போது கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வரும் ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகளுடன் கூடவே நின்று சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. மெடிசின் டிராலி பக்கத்தில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அளவுகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பவை. உங்கள் ஆஸ்பத்திரி புரோட்டோகால் வேறு மாதிரி இருந்தால், அதைக் கேட்டுத் தெளிந்த பிறகே மருந்தைத் தொடுங்கள்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தும் மனப்பாடம். பிறகும் ஏன் தவறு நடக்கிறது மேடம்?

வாய் சொல்கிறது, கண் பார்ப்பதில்லை. அதுதான் காரணம்.

முதல் 'சரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கதானே செல்வி?" என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருக்கும் நோயாளி, காது கேட்காத பாட்டி, நர்ஸைப் பார்த்தாலே பயப்படும் கிராமத்து அம்மா எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்ன? அப்பா பேரு இல்ல வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க" என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். நம் ஊரில் ஒரே வார்டில் இரண்டு செல்வி, மூன்று முருகேசன் இருப்பது சாதாரணம். ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) கேஸ் ஷீட்டுடன் ஒப்பிடுங்கள். பெட் நம்பரை மட்டும் நம்பவே கூடாது. ஃபேனுக்குக் கீழே இடம் வேண்டும் என்று ராத்திரியில் கட்டில் மாறிப் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

அலர்ஜியும் அப்படித்தான். "அலர்ஜி இருக்கா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும், பலருக்கு அந்தச் சொல்லே புரியாது. "முன்னாடி ஏதாவது ஊசி போட்டோ மாத்திரை சாப்பிட்டோ உடம்பு தடிச்சதா, அரிச்சதா, முகம் வீங்குச்சா, மூச்சு முட்டுச்சா?" என்று கேளுங்கள். அப்போதுதான் "ஆமாம்மா, போன வருஷம் ஒரு வலி ஊசி போட்டப்ப..." என்று கதை வெளியே வரும்.

இந்த ஐந்தோடு நான் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன்: இந்த ஆளுக்கு இந்த மருந்து ஏன்? அதற்குப் பதில் தெரியாமல் கொடுக்கும்போது, மற்ற ஐந்தும் சரியாக இருந்தாலும் தவறான மருந்து உள்ளே போய்விடலாம். சர்க்கரையே இல்லாதவருடைய சார்ட்டில் மெட்ஃபார்மின் எழுதியிருந்தால், அது பக்கத்துக் கட்டில்காரருக்கு எழுதியது என்று 'ஏன்' கேட்டவருக்குத்தான் தோன்றும்.

இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு இருக்கின்றன. எதில் போட்டாலும் 20 யூனிட் 20 யூனிட்தானே?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது. ஒன்றில் 1 மி.லி.க்கு 40 யூனிட், மற்றதில் 1 மி.லி.க்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு உரியது, ஆரஞ்சு மூடி 100-க்கு உரியது. சிரிஞ்சில் உள்ள கோடு யூனிட்டை அளப்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் அது அளப்பது கன அளவைத்தான். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மி.லி. அதில் 100 யூனிட் வயலிலிருந்து ஏற்றினால் உள்ளே போவது 50 யூனிட். எழுதியதைப் போல இரண்டரை மடங்கு. மாற்றிப் பாருங்கள்: ஆரஞ்சு மூடியில் 20 என்ற கோடு 0.2 மி.லி. அதில் 40 யூனிட் வயலிலிருந்து ஏற்றினால் போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றுவார், நாளைக்கு வேறொரு சிஸ்டர் சரியான சிரிஞ்சில் போடும்போது ஏற்றிய டோஸ் முழுதாக உள்ளே போகும்.

நான் படிக்கும்போது இது எனக்கே நடக்க இருந்தது. காலை ஏழு மணி, டிபனுக்கு முன் போட வேண்டிய இன்சுலின். ஒரு பாட்டிக்கு அவர் மகன் வெளியில் வாங்கி வந்த வயல், வார்டு ஸ்டாக்கில் இருந்ததோ சிவப்பு மூடி சிரிஞ்ச். நான் 20-ஐ ஏற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்த இன்சார்ஜ் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "வயல்ல என்ன எழுதியிருக்கு, படி" என்றார். படித்தேன். 100. அந்தப் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் இன்சுலின் வயலைக் கையில் எடுத்தால் அந்த எண்ணைச் சத்தமாகப் படிக்காமல் நான் ஊசியைக் குத்துவதில்லை.

இன்சுலின் சிரிஞ்சே இல்லையென்று 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 40 யூனிட் வயலில் 10 யூனிட் என்பது 0.25 மி.லி. அவசரத்தில் 0.1 என்று கை போகும். சிரிஞ்ச் வரும்வரை காத்திருப்பதே நல்லது. பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதும் கூடாது, அதிலிருப்பது 100 யூனிட் மருந்து.

இன்னொன்று, இன்சுலின் எழுதும்போது 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்து 'யு'வை மட்டும் போட்டால், கையெழுத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். தசமப் புள்ளியும் இப்படித்தான். 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50. வெறும் .5 என்றும் எழுதாதீர்கள், 5 ஆகிவிடும். 0.5 என்று எழுதுங்கள்.

பொட்டாசியம் குளோரைடை நேராக வெயினில் (ரத்தக் குழாயில்) போடக் கூடாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உடம்பில் ஏற்கெனவே இருக்கிற உப்புதானே அது?

உடம்பில் இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 140 மில்லி ஈக்விவலென்ட் (உப்பை அளக்கும் அலகு). வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் தயாரித்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ரத்தத்தின் பிளாஸ்மா ஏறக்குறைய 3 லிட்டர். லிட்டருக்கு 4 என்று வைத்தால், மொத்தப் பிளாஸ்மாவிலும் இருக்கும் பொட்டாசியம் 12 மில்லி ஈக்விவலென்ட். நம் டிராலியில் இருக்கும் 10 மி.லி., 15% ஆம்பூல் (ஒரு தடவைக்கான சின்ன மருந்துக் குப்பி) ஒன்றிலேயே 20 இருக்கிறது. அதை ஒரே தள்ளலில் வெயினில் விட்டால் நேராக இதயத்துக்குப் போகிறது. இதயம் விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓடி வந்து செய்வதற்கு நேரமிருக்காது.

அதனால் எப்போதும் கலந்துதான். வழக்கமாகக் கையில் போட்ட கெனுலா (வெயினில் செருகி வைக்கும் சின்னக் குழாய்) வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலென்ட்டைத் தாண்டாமல், லிட்டருக்கு 40-க்குள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மானிட்டர் மாட்டிய கட்டில் வேண்டும். ஆம்பூலை பாட்டிலில் சேர்த்த பிறகு பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசி போட்டுவிட்டு நகர்ந்தால், கனமான பொட்டாசியம் கழுத்துப் பக்கம் தேங்கி முதலில் அதுதான் இறங்கும். போடுவதற்கு முன் சிறுநீர் போகிறதா என்று கேளுங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குள் போன பொட்டாசியத்துக்கு வெளியேற வழி கிடையாது.

வார்டுகளில் நான் பார்த்து நடுங்குவது, இந்த ஆம்பூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலும் ஒரே தட்டில் கிடப்பதைத்தான். இரண்டும் தெளிந்த நீர், இரண்டும் பிளாஸ்டிக் ஆம்பூல். ஆன்டிபயாட்டிக் பவுடரைக் கரைக்கக் கை போகும் இடத்தில் பொட்டாசியம் இருக்கக் கூடாது. அடர்த்தியான உப்புக் கரைசல்களைத் தனியாகக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொன்னது. உங்கள் வார்டில் அப்படி இல்லையென்றால் இன்சார்ஜிடம் சொல்லுங்கள். தனிப் பெட்டி, சிவப்பு ஸ்டிக்கர், பூட்டு. ஒரு மதிய நேரம் போதும் இதைச் செய்ய.

ஹாஃப் லைஃப், ஃபர்ஸ்ட் பாஸ் எல்லாம் பரீட்சைக்குத்தானே? வார்டில் எதற்கு?

வலி மருந்தான மார்ஃபின் அதிகமாகி மூச்சு குறைந்தவருக்கு, அதை முறிக்கும் நலாக்ஸோன் போடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் கண் திறந்து பேசுகிறார். எல்லோரும் நிம்மதியாக நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நலாக்ஸோன் தீர்ந்துவிடுகிறது. மார்ஃபின் இன்னும் உள்ளே இருக்கிறது, மூச்சு மறுபடி குறைகிறது. ஹாஃப் லைஃப் (உடம்பிலுள்ள மருந்தில் பாதி வெளியேற ஆகும் நேரம்) என்றால் என்னவென்று தெரிந்த நர்ஸ் அந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டார். இதயம் நின்றவருக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அட்ரினலின் 1 மி.கி. போடுவதும் இதனால்தான், அது ரத்தத்தில் சில நிமிடம்கூட நிற்பதில்லை. இதய மருந்தான டைஜாக்ஸின் நேர்மாறு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கே பாதி வெளியேற ஒன்றரை, இரண்டு நாள். இன்றைக்கு நிறுத்தினாலும் நஞ்சு இன்றைக்கே இறங்காது.

அப்புறம் ஃபர்ஸ்ட் பாஸ், அதாவது விழுங்கிய மருந்து உடம்பெங்கும் பரவும் முன்பே கல்லீரலில் சிதைவது. நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் சார்பிட்ரேட்டை நாக்குக்கடியில் வைக்கச் சொல்கிறோம். விழுங்கினால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும், வேலை செய்யவும் நேரமாகும். நாக்குக்கடியில் கரைந்தால் நேராக ரத்தத்துக்குப் போகும். காரணம் தெரிந்தால், "வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகாமல், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பீர்கள். கொடுக்கும் முன் பி.பி. பாருங்கள், உட்கார வைத்துக் கொடுங்கள்.

பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பயம் நியாயம்தான். டோபமின், டோபுட்டமின். செஃபோடாக்ஸிம், செஃப்டாசிடிம், செஃப்ட்ரியாக்ஸோன். அமியோடரோன், அம்லோடிபின். லாசிக்ஸ், லாசிலாக்டோன். கடைசி ஜோடியில் முதலாவது பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு வெளியே போகும் ஃப்ரூஸமைடு. இரண்டாவதில் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று மாத்திரையை லாசிக்ஸோடு குழப்பிக்கொண்டார்கள் என்பதற்காக 1990-ல் அதன் பெயரையே ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள்.

பெயர் ஒன்றாக இருந்து பலம் வேறாக இருப்பது இன்னும் ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினின் 5 மி.லி. வயல் மி.லி.க்கு 1000 யூனிட்டிலும் வருகிறது, 5000 யூனிட்டிலும் வருகிறது. அதனால் லேபிளை மூன்று தடவை படியுங்கள்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஏற்றும்போது, கட்டிலருகே. மூடியின் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும்.

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அந்த அட்டைகளில் ஜெனரிக் பெயர்தான் (மருந்தின் பொதுப் பெயர்) இருக்கும். வெளிக்கடையில் வாங்கும் அட்டையில் பிராண்ட் பெயர் பெரிதாக இருக்கும். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே மெட்ஃபார்மின், அம்லோடிபின் வருகிறது. அதையும் சாப்பிட்டு, தனியார் டாக்டர் எழுதிய அதே மருந்தை வேறு பெயரிலும் சாப்பிட்டு, இரட்டை டோஸோடு தலைசுற்றி விழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அட்மிஷனில் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், மஞ்சப் பையோடு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி மேஜையில் கொட்டிப் பாருங்கள்.

டிரிப்ஸ் கணக்கும் குழந்தைகள் டோஸும் வரவே மாட்டேன் என்கிறது.

டிரிப்ஸ் எளிது. மொத்த மி.லி.யை செட்டின் சொட்டு எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் வகுங்கள். 500 மி.லி., 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 10,000-ஐ 480-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. 15 சொட்டு செட் என்றால் 16. எந்த செட் என்பது கவரில் அச்சிட்டிருக்கும். மைக்ரோ செட்டில் 60 சொட்டு 1 மி.லி., அதனால் மணிக்கு எத்தனை மி.லி.யோ அதுவே நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு சரியாக வந்தாலும் பாட்டில் ஏமாற்றும். 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 வீதம் 150 மி.கி. என்று வையுங்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி. 5 மி.லி.யில் 250 என்றால் 3 மி.லி. ஆனால் சொட்டு மருந்து பாட்டிலில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி., அதில் 1.5 மி.லி. போதும். "ஆறு மி.லி. கொடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பி, அந்தத் தாய் கடையில் சொட்டு மருந்தை வாங்கினால் குழந்தைக்குள் போவது 600 மி.கி. நான்கு மடங்கு. அதனால் மி.கி., மி.லி., எந்தப் பாட்டில் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், அளவுக் குப்பியில் கோட்டை விரலால் காட்டுங்கள்.

எடைக்கு ஏற்ப டோஸ் குறையாத மருந்து உண்டா?

பாம்புக்கடி மருந்து. பாம்பு குழந்தையைக் கடித்தாலும் பெரியவரைக் கடித்தாலும் ஏற்றும் விஷம் ஒன்றுதான், முறிக்க வேண்டியதும் அந்த விஷத்தைத்தான். அதனால் குழந்தைக்கும் பெரியவருக்குரிய அதே வயல் எண்ணிக்கை. இந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்த வயலைக் கையில் எடுக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும்.

பவுடரைக் கரைக்கும்போது குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். டெஸ்ட் டோஸ் போட வேண்டாம், அது ரியாக்ஷனைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, தொடங்கும் முன்பே அட்ரினலினை ஏற்றி, லேபிள் ஒட்டித் தயாராக வையுங்கள். பெரியவருக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத்தில் தசைக்குள்.

ஒரே கெனுலாவில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மருந்தையும் போடலாமா?

இடையில் நார்மல் சலைன் விட்டுக் கழுவாமல் போடாதீர்கள். வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் நார்மல் சலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிகமாகிவிடும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் தள்ளக் கூடாது, பி.பி. இறங்கும், இதயம் தடுமாறும். செஃப்ட்ரியாக்ஸோன் கால்சியத்தோடு சேர்ந்தால் உறைந்துவிடும். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பச்சிளம் குழந்தைகள் இந்தச் சேர்க்கையால் இறந்திருக்கிறார்கள். லைனில் மேகம் மாதிரி வெள்ளை தெரிந்தால் உடனே மூடுங்கள். தள்ளிப் பார்க்க வேண்டாம்.

லேபர் வார்டில் வலிப்புக்கு மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) போடும்போது ஒவ்வொரு தடவையும் முழங்காலைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். நேரமே இல்லையே?

அந்த ஒரு தட்டுத்தான் அந்தத் தாய்க்கு முன்னெச்சரிக்கை. மெக்னீசியம் நரம்புக்கும் தசைக்கும் நடுவிலுள்ள செய்தியைத் தடுக்கிறது. ரத்தத்தில் ஏற ஏற முதலில் முழங்கால் உதறல் போகும், பிறகு மூச்சு போகும். உதறல் இருக்கிற வரை மூச்சுக்கு ஆபத்தில்லை என்று தைரியமாக இருக்கலாம்.

அடுத்த டோஸுக்கு முன் மூன்றையும் பாருங்கள்: முழங்கால் உதறல் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் 100 மி.லி.க்குக் குறையாமல் வந்ததா. ஒன்று இல்லையென்றாலும் டோஸை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10%, 10 மி.லி., மெதுவாக. அது அலமாரியில் எங்கோ இருந்தால் போதாது, அந்தக் கட்டிலருகே இருக்க வேண்டும்.

கலக்கும் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 50% ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம். முதல் 4 கிராமுக்கு 4 ஆம்பூல், 8 மி.லி. அதோடு 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் சேர்த்தால் 20 மி.லி., 20% ஆகும். குறைந்தது 5 நிமிடம் எடுத்து வெயினில் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தசையில் போடும் 5 கிராம் ஊசிகளுக்கு 50% அப்படியே. இரண்டையும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு இத்தனை அட்ரோபின் ஆம்பூல் உடைக்கிறோமே, அதிகமாகாதா?

புத்தகத்தில் 0.6 மி.கி. என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பூச்சிமருந்தில் இருக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் விஷம், அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளை உடைக்கும் நொதியைப் பூட்டிவிடுகிறது. அசிடைல்கோலின் தேங்கித் தேங்கி, வாயிலும் நுரையீரலிலும் நீர் கொட்டுகிறது. நோயாளி தன் சளியிலேயே மூழ்குகிறார். அந்த வெள்ளத்தை எதிர்க்க முதலில் 3 முதல் 5 ஆம்பூல், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டே போவார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. கண்மணி விரிந்துவிட்டதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து, நீர்ச் சத்தம் போய்விட்டதா என்று கேளுங்கள். நாடி 80-க்கு மேல், மேல் பி.பி. 80-க்கு மேல் வந்ததா பாருங்கள். அதற்குப் பிறகும் ஏற்றினால் காய்ச்சல், பிதற்றல், வயிற்று அசைவு நின்றுபோதல் எல்லாம் வரும். மணிக்கொரு தடவை எழுதி வையுங்கள். இந்த நோயாளிகளிடம் சில இடங்களில் கடுமையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படிப் பேசாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லையே?

இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டை மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும்போது வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் என்று புரிந்துகொண்டு சாப்பிட்டவர்கள், வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணுக்கள் குறைந்து இறந்துபோயிருக்கிறார்கள். "வாரம் ஒரு தடவை" என்று சொல்லாதீர்கள், "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைச் சொல்லுங்கள், அட்டையிலும் எழுதிக் கொடுங்கள்.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியே கொடுக்கிறோம் என்று எல்லா மாத்திரையையும் பொடிக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர். என்று இருந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டியதை ஒரே நேரத்தில் கொட்டிவிடுவீர்கள். டைஜாக்ஸின் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சில் ஸ்டெத் வைத்து எண்ணுங்கள், 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே லாசிக்ஸும் போகிறதென்றால் பொட்டாசியம் எவ்வளவு என்று பாருங்கள். பொட்டாசியம் குறைந்தால் அதே டைஜாக்ஸின் அளவே நஞ்சாகும். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், காபி, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

சீனியர் அக்கா ஏற்றி வைத்த சிரிஞ்சைக் கொடுத்து "போட்டுட்டு வா" என்கிறார். மறுத்தால் கோபித்துக்கொள்வார்களே?

நீங்கள் ஏற்றாததை நீங்கள் போடக் கூடாது. லேபிள் இல்லாத சிரிஞ்ச் என்றால், யார் ஏற்றியதாக இருந்தாலும் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான். தெளிந்த நீர் எல்லாம் பார்க்க ஒன்றுதான்.

எப்படிச் சொல்வது என்றுதான் நீங்கள் தவிக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. "அக்கா, வயலைக் கொஞ்சம் காட்டுங்க, நான் பார்த்து ஏத்திக் கத்துக்கறேன்" என்று கேளுங்கள். கற்றுக்கொள்ள வந்தவர் நீங்கள், அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுக்க முடியாது. அதையும் மீறித் திட்டினால், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு மாலைக்குள் மறந்துவிடும்.

டாக்டர் போனில் ஆர்டர் சொன்னாலும் இப்படித்தான். எழுதிக்கொண்டு, அப்படியே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன், ஃபைவ், பதினைந்து மி.கி.தானே சார்?" என்று கேளுங்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மார்ஃபின் போன்றவற்றில் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். "இது 20 யூனிட், சரியா?" என்று கேட்டால் அவர் தலையாட்டிவிடுவார். சார்ட்டையும் வயலையும் கொடுத்து "எவ்வளவு ஏத்தணும்?" என்று கேளுங்கள்.

தவறு நடந்துவிட்டால்? வேலை போய்விடுமோ, கோர்ஸ் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் நோயாளி. நாடி, பி.பி., மூச்சு, நினைவு, தேவைப்பட்டால் சர்க்கரை பாருங்கள். பக்கத்தை விட்டு நகராமல் ஆளைக் கூப்பிடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முறிவு மருந்து இருந்தால் அதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்: ஹெப்பாரினுக்குப் புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, பாராசிட்டமாலுக்கு அசிடைல்சிஸ்டீன். மறைத்து வைத்த அரை மணி நேரத்தில் அந்த வாய்ப்பு போய்விடும். பிறகு கேஸ் ஷீட்டில் நடந்ததை எழுதுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள், வயலையும் ஆம்பூலையும் வீசாதீர்கள். இன்சிடென்ட் ஃபார்ம் இருந்தால் அதையும் நிரப்புங்கள்.

தவறு எதுவும் இல்லாமலே மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனாலும் தெரிவிக்க வேண்டும். 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நர்ஸும் சொல்லலாம். சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை.

இத்தனை மருந்தையும் எப்படி மேடம் நினைவில் வைப்பது?

எல்லாவற்றையும் வைக்க முடியாது, நானும் வைத்திருக்கவில்லை. குடும்பமாகப் படியுங்கள். 'ப்ரில்' என்று முடிவது வறட்டு இருமல் தரும், பொட்டாசியத்தை ஏற்றும். 'ஓலால்' என்று முடிவது நாடியைக் குறைக்கும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. ஆனால் 'ஸோல்' என்பதை நம்பாதீர்கள். ஒமிப்ரஸோல் வயிற்றுக்கு, மெட்ரோனிடஸோல் கிருமிக்கு, ஃப்ளூகோனஸோல் பூஞ்சைக்கு, கார்பிமஸோல் தைராய்டுக்கு.

பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வார்டில் நீங்கள் கையால் கொடுத்த இரண்டு மருந்தை மட்டும் அதில் எழுதுங்கள்: யாருக்கு, ஏன், கொடுக்கும் முன் என்ன பார்த்தேன், கொடுத்த பிறகு என்ன ஆனது. நோயாளியின் பெயர் வேண்டாம், "ஐம்பது வயது, இதய வீக்கம்" என்று எழுதினால் போதும். புதிதாக ஒரு மருந்து ஆர்டரில் வந்தால், கொடுப்பதற்கு முன் அதன் பக்கத்தைத் திறந்து வைத்துப் படியுங்கள். வாசலில் நின்று படித்தாலும் பரவாயில்லை. ரவுண்ட்ஸில் யாராவது "என்னம்மா, இப்பத்தான் படிக்கிறியா?" என்று கேட்டால், "ஆமாம் சார், முதல் தடவை கொடுக்கப்போறேன்" என்று சொல்லுங்கள்.